இரண்டு அத்தாட்சிப் பத்திரங்கள்

குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இடையே கடலை ஒட்டிக் கிடக்கும் இனயம் என்னும் ஊரின் பெயரைத் தமிழ்நாட்டில் பலர் 2016-ம் வருஷத்திலேதான் முதன்முதலாகக் கேள்வியுற்றனர். அவ்வருஷம் ஜூலை மாதத்தில் மத்திய மந்திரிசபை அங்கே பெரிய துறைமுகமொன்று அமைப்பதற்குக் கொள்கையளவில் சம்மதம் அளித்தது. கடற்கரை ஜனங்கள் திரண்டு எதிர்த்தனர். யோசனை பின்னர் கோவளம், மணக்குடிப் பக்கமாகத் திரும்பிற்று. துறைமுகத்தைப் பற்றி நாம் இன்று எழுத முன்வரவில்லை. அவ்வூர்ப் பிள்ளைகள் கடல் கடந்து சென்று படிப்பதற்குள்ள வாயில் எத்தகையது, அது யாருக்குத் திறக்கிறது, யாருக்குச் சாத்துகிறது என்பதே நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இரண்டு பிள்ளைகளை நேயர்கள் மனத்தில் நிறுத்திப் பார்க்கட்டும். ஒருவன் இனயத்து மீனவன் மகன். ராஜ்ய போர்டின் மேல்நிலைப் பரீக்ஷையில் தேறியவன். தமிழ், இங்கிலீஷ் இரண்டும் போக நான்கு பாடங்கள், ஆக ஆறு. பாடத்துக்கு நூறாக அறுநூறு மார்க்கு. மற்றவன் கோடைக்கானலிலோ சென்னையிலோ உள்ள சர்வதேசப் பள்ளியொன்றில் படித்தவன். அவன் கையில் இருப்பது ஜினீவாவில் ஸ்தாபிதமான சர்வதேச பாக்கலோரியா ஸ்தாபனம் அளிக்கும் டிப்ளோமா, சுருக்கமாக ஐ.பி. என்பர். அதிலும் பாடங்கள் ஆறுதான். பாடத்துக்கு ஏழு புள்ளி வீதம் நாற்பத்திரண்டு, நாலாயிரம் வார்த்தையில் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரைக்கும், அறிவின் இயல்பைப் பற்றிய பாடத்துக்கும் சேர்த்து மூன்று, மொத்தம் நாற்பத்தைந்து. இருபத்துநான்கு பெற்றால், வேறு சில ஷரத்துகளுக்கு உட்பட்டு, தேறினவனாவான். இருவருக்கும் வயது ஒன்று, பாடத்தொகை ஒன்று, படித்த வருஷங்களும் ஒன்று. இனி இவ்விருவரும் வெளிதேசத்துச் சர்வகலாசாலையின் வாயிலில் போய் நிற்கட்டும்.

ஜெர்மனியை முதலில் எடுத்துக்கொள்வோம். காரணம் உண்டு. அந்நாட்டு அரசாங்கச் சர்வகலாசாலைகளில் பெரும்பாலானவற்றில் அந்நிய தேசத்து மாணவரிடமும் படிப்புச் சம்பளம் வாங்குவதில்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் ராஜ்யம் 2017 முதல் ஐரோப்பியக் கூட்டமைப்புக்கு வெளியேயிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. அதுவும்கூட இங்கிலாந்து, அமெரிக்கா கேட்கும் தொகைக்கு அருகில் வராது. ஆகவே ஏழைப் பிள்ளை எட்டிப் பார்க்கத் தகுந்த வாயில் ஐரோப்பாவில் உண்டானால் அது ஜெர்மனியே. அங்கே ஐ.பி. டிப்ளோமாக்காரனுக்கு, அவன் எடுத்த பாடங்களில் இரண்டு மொழி, கணிதம், பௌதிகம் போன்ற இயற்கை விஞ்ஞானம், சமூக விஞ்ஞானம் என்ற வகைகள் அமைந்து, கணிதமோ விஞ்ஞானமோ உயர்படியில் இருக்குமானால், நேரே பிரவேசம் உண்டு. நமது பன்னிரண்டாம் வகுப்புப் பத்திரத்தை மட்டும் நீட்டுகிறவனுக்கு அது கிடையாது. அவன் ஆயத்தக் கல்லூரியில் ஒரு வருஷம் இருந்து, பெரும்பாலும் ஜெர்மன் பாஷையிலேயே பயின்று, தகுதிப் பரீக்ஷை தேற வேண்டும். அல்லது நமது தேசத்துச் சர்வகலாசாலையில் குறைந்தது ஒரு வருஷமாவது படித்துத் தேறியதைக் காட்டி, அதே துறையில் இடம் கேட்க வேண்டும். ஐ.ஐ.டி. பிரவேசத்துக்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு பரீக்ஷையில் தேறியவருக்கு விஞ்ஞான, தொழில்நுட்பப் பாடங்களில் வழி விடப்படுகிறது. அப்பரீக்ஷையில் தேறுகிறவன் ஜெர்மனியைத் தேடிப் போவானேன் என்பது வேறு கேள்வி. இவையெல்லாம் போக, நமது பத்திரங்கள் உண்மையானவையா என்று சோதித்துச் சொல்லும் ஏ.பி.எஸ். அத்தாட்சி 2022 நவம்பர் முதல் தேதியிலிருந்து இந்திய மாணவருக்குக் கட்டாயம். வருஷச் செலவுக்கென்று 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் கட்டிவைக்க வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் நடக்கும் விதி.

சம்பளமில்லாத வாயில் ஏழைக்கு ஒரு வருஷம் நீண்டு நிற்கிறது. பணம் கட்டிப் படித்தவனுக்கு அது நேரே திறக்கிறது. இதிலுள்ள விபரீதத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

பிரிட்டனில் விஷயம் வேறு விதம். அங்கே நமது பன்னிரண்டாம் வகுப்பை அடியோடு தள்ளுவதில்லை. தராசுதான் இரண்டாக இருக்கிறது. இந்தியாவுக்கென்று போடும் நிபந்தனைப் பட்டியலில் மத்திய போர்டாகிய ஸி.பி.எஸ்.இ.யும் ஐ.எஸ்.ஸி.யும் ஒரு வரியில் இருக்கும். ராஜ்ய போர்டுகள் அடுத்த வரியில் இருக்கும். முதல் வரியாரிடம் 75 சதவீதம் கேட்கும் சர்வகலாசாலை இரண்டாவது வரியாரிடம் 80 அல்லது 85 கேட்பது சாதாரணம். ஐ.பி. டிப்ளோமாவுக்கோ தனி வரி, குழப்பமே இல்லை. ஆக்ஸ்போர்டு 38 முதல் 40 புள்ளி கேட்கும் என்றால் அது பாரிஸில் படித்தவனுக்கும் பம்பாயில் படித்தவனுக்கும் ஒன்றே. அமெரிக்காவில் பொதுவிதி என்று ஒன்றுமில்லை. ஒவ்வொரு கலாசாலையும் தன் இஷ்டப்படி பார்க்கும். ஆனால் ஐ.பி.யில் உயர்படிப் பாடத்தில் நல்ல புள்ளி பெற்றவனுக்கு அங்குள்ள பல கலாசாலைகள் முதல் வருஷப் பாடங்கள் சிலவற்றைத் தள்ளிக் கொடுக்கின்றன. செலவும் அவ்வளவுக்குக் குறைகிறது. அதிகம் செலவழிக்க இயன்றவனுக்கே செலவு குறைகிறது.

இந்த டிப்ளோமாவுக்கு இத்தனை மதிப்பு எவ்வாறு வந்தது? படிப்பின் உயர்வினால் வந்தது என்று அதன் பள்ளிகள் சொல்லும். அதில் பாதி உண்மை. மற்றப் பாதி சரித்திரத்தில் இருக்கிறது. முதல் மகாயுத்தத்துக்குப் பின் சர்வதேச சங்கம் ஜினீவாவில் கூடியபோது, பல தேசத்து உத்தியோகஸ்தர்கள் குடும்பத்துடன் அங்கே வந்து குடியேறினர். அவர்கள் குழந்தைகளுக்காக 1924-ம் வருஷத்தில் ஜினீவா சர்வதேசப் பள்ளி தோன்றிற்று. பிள்ளைகள் படித்தனர், ஆனால் படித்து முடித்ததும் பிரெஞ்சுக்காரன் மகன் பிரெஞ்சுப் பரீக்ஷைக்கும், இங்கிலீஷ்காரன் மகன் இங்கிலீஷ் பரீக்ஷைக்கும் தனித்தனியே தயார்செய்ய வேண்டியிருந்தது. தகப்பன் வேலையின் பொருட்டு ஊர்விட்டு ஊர் போவதற்கு மகன் தண்டனை அனுபவிப்பதா என்று பெற்றோரும் உபாத்தியாயர்களும் கேட்டனர். அக்கேள்வியிலிருந்து பிறந்ததே 1968-ல் ஏற்பட்ட ஐ.பி. ஸ்தாபனம். அதன் நிர்வாகிகள் பாடத்திட்டம் எழுதியதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு தேசத்துச் சர்க்காரிடமும் சர்வகலாசாலையிடமும் போய், வாதாடி, விடைத்தாள்களைக் காட்டி, தங்கள் பத்திரத்தை ஏற்கும்படி செய்தனர். ஜெர்மனியில் கல்வி மந்திரிகளின் மகாநாடு இந்த டிப்ளோமாவுக்கென்றே தனித் தீர்மானம் செய்தது. மதிப்பு தானாக வந்துவிடவில்லை, பேசிப் பெற்றார்கள்.

நமது தமிழ்நாட்டுக்கும் இது பழைய சங்கதியே. அமெரிக்க மிஷனரிமார் குழந்தைகளுக்காக 1901-ல் கோடைக்கானலில் தொடங்கிய பள்ளிதான் 1976-ல் இந்தியாவிலேயே முதலாவதாக ஐ.பி. பாடத்தை ஏற்றது. நமது மேல்நிலைக் கல்வி முறை ஆரம்பமானது 1978-ல். அதாவது, பன்னிரண்டாம் வகுப்பு என்பது தமிழ்நாட்டில் உண்டாவதற்கு முன்பே, ஒரு மலைமேல் உலகெங்கும் செல்லும் பத்திரம் விளைந்துகொண்டிருந்தது. அடிவாரத்தில் உள்ளவர்கள் அதைப் பற்றி அறியவில்லை.

வேலையின் பொருட்டு தேசந்தோறும் போகிறவர்கள் ஜினீவா உத்தியோகஸ்தர்கள் மட்டுமா? இனயத்தையும் அதன் அண்டை ஊர்களையும் பாருங்கள். கன்னியாகுமரி ஜில்லாக் கடற்கரையிலிருந்து அரபு நாடுகளுக்கும் ஈரானுக்கும் மீன்பிடி வேலைக்குச் செல்வோர் எத்தனையோ பேர். 2020-ம் வருஷம் கொரோனா நோய் பரவியபோது ஈரான் துறைமுகங்களில் சிக்கித் தவித்த இந்திய மீனவர்களில் இந்த ஜில்லாவைச் சேர்ந்தவர் பலர். அவர்களையும் மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு ஜலஷ்வா என்ற கடற்படைக் கப்பல் ஜூலை முதல் தேதி தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2017 நவம்பர் முடிவில் வீசிய ஒக்கிப் புயல் இக்கடற்கரையில் எத்தனை வீடுகளை ஆணற்ற வீடுகளாக்கிற்று என்பதும் தெரிந்ததே. கடலைவிட்டுப் பிள்ளை கரையேற வேண்டும் என்று தாய்மார் பள்ளிக்கூடத்தை நம்புகிறார்கள். 2011-ம் வருஷத்து ஜனக்கணக்கில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலாவதாக நின்றது கன்னியாகுமரி ஜில்லா. நூற்றுக்கு 91 பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். உத்தியோகஸ்தன் ஜினீவா போனபோது அவன் மகனுக்காக ஒரு பரீக்ஷையே உண்டாயிற்று. மீனவன் ஈரானுக்குப் போகும்போது மகன் இனயத்திலேயே இருக்கிறான். அவன் எழுதும் பரீக்ஷைக்காக எந்தத் தேசத்தின் வாயிலிலும் பேசுவோர் இல்லை.

இங்கே பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை செய்வது நமது கடமை. இப்பொழுது நாகர்கோவிலிலிருந்து சிறு பட்டணங்கள் வரை பள்ளிக்கூடங்களின் பெயரில் இண்டர்நேஷனல் என்ற சொல் மலிந்துவிட்டது. பெயர்ப்பலகை சர்வதேசமாக இருந்தால் பத்திரமும் சர்வதேசமாகிவிடாது. அத்தகைய பள்ளிகள் பல ஸி.பி.எஸ்.இ. பாடத்தையே நடத்துகின்றன; அதில் தவறில்லை; ஆனால் பெயருக்காகக் கூடுதல் சம்பளம் கட்டுவது வீண். மேலும், பள்ளி தன் சொந்தப் பொறுப்பில் அளிக்கும் டிப்ளோமா வேறு. வெளியார் திருத்தும் பரீக்ஷையினால் கிடைக்கும் டிப்ளோமா வேறு. அமெரிக்க முறையில் பள்ளிக்கூடம் தரும் டிப்ளோமாவை மட்டும் கொண்டு பிரிட்டனில் நல்ல சர்வகலாசாலை எதுவும் நேரே சேர்த்துக்கொள்வது அரிது. அட்வான்ஸ்டு பிளேஸ்மெண்டு முதலிய பரீக்ஷைகளையும் எழுதிக் காட்டச் சொல்லும். பணம் கட்டுமுன், எந்த ஸ்தாபனம் பரீக்ஷை நடத்துகிறது, பத்திரத்தில் யார் கையெழுத்து இருக்கும் என்ற இரண்டையும் கேட்டறிய வேண்டும்.

ஐ.பி. வாங்கியவனுக்கும் சொந்த தேசத்தில் சிரமங்கள் உண்டு என்பதையும் சொல்லிவிடுவோம். மே மாதப் பரீக்ஷையின் முடிவு ஜூலை ஆரம்பத்தில்தான் வருகிறது. அதற்குள் இங்குள்ள பல கலாசாலைகளில் விண்ணப்பத் தேதி கடந்துவிடுகிறது. வைத்தியப் படிப்புக்கு நீட் பரீக்ஷையை அவனும் எழுதவேண்டும். அவன் பத்திரத்தின் சமானத்தை இதுகாறும் இந்தியச் சர்வகலாசாலைகளின் சங்கம் தீர்மானித்துவந்தது. 2025 ஏப்ரலில் யு.ஜி.ஸி. புதிய விதிகள் பிறப்பித்திருக்கிறது. ஆனால் இவ்விஷயத்தில் நாம் அதிகம் வருந்தத் தேவையில்லை. அவனுக்கு வழிகாட்டப் பள்ளியில் சம்பளம் பெறும் ஆலோசகர் இருக்கிறார்.

இனி எதிர்வாதத்துக்கு வருவோம். வெளிதேசத்தார் ராஜ்ய போர்டைத் தாழ்வாக மதிப்பது துவேஷத்தினாலா, காரணத்தினாலா? துவேஷம் என்று கூச்சலிடுவது எளிது. நாம் அவ்வாறு செய்யத் தயாரில்லை. நெடுங்காலம் நமது பரீக்ஷைக் கேள்விகள் பாடப்புத்தகத்தின் பின்பக்கத்திலிருந்தே வந்தன. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க்குக் கேள்வி வரும் என்று முன்னரே அச்சிட்ட அட்டவணை கிடைத்தது. பிள்ளைகள் நெட்டுருச் செய்தனர், மார்க்குகள் குவிந்தன, பூர்ண மார்க்கு வாங்கியவர் கூட்டமாக நின்றபோது, அவர்களுள் சிறந்தவன் யார் என்று அந்நியன் எவ்வாறு அறிவான்? 85 சதவீதம் கேட்பவன் அவமதிக்கவில்லை. அவனுக்கு நமது மார்க்கின் கனம் தெரியவில்லை. இதை ஒப்புக்கொண்டபின் மற்றதையும் சொல்லவேண்டும். 2010-ம் வருஷத்துச் சட்டத்தினாலும் 2011 ஆகஸ்டில் வந்த சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பினாலும் நான்கு போர்டுகளாகப் பிரிந்து கிடந்த பள்ளிப் படிப்பு சமச்சீர் கல்வியாக ஒன்றாயிற்று. 2017-ல் முதல் ஸ்தானம், இரண்டாம் ஸ்தானம் என்று பறையறையும் வழக்கம் ஒழிந்தது. கல்விமான் ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் அமைந்த கமிட்டி பாடத்திட்டத்தைத் திருத்தி, 2018 முதல் புதிய புத்தகங்கள் வந்தன. மேல்நிலை வகுப்பு விஞ்ஞானப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தவர்கள், பிள்ளைகளுக்கு இவ்வளவு கனமா என்றே அங்கலாய்த்தனர். புத்தகம் மாறிவிட்டது. வெளிதேசத்துப் பட்டியலில் நமது போர்டின் வரி மாறவில்லை. அதை மாற்றும்படி கேட்பது நமது வேலையேயன்றிப் பட்டியல் எழுதுகிறவனுடைய வேலையன்று.

தமிழில் படிப்பதுதான் குறை என்று சொல்லுகிறவர்களும் உளர். அவர்களுக்கு நாம் யாழ்ப்பாணத்தைக் காட்டுவோம். இலங்கையில் ஏ-லெவல் பரீக்ஷையைத் தமிழ்ப் பிள்ளைகள் பௌதிகம், ரசாயனம், கணிதம் அனைத்தும் தமிழிலேயே எழுதுகிறார்கள். அந்தப் பத்திரத்தைப் பிரிட்டனின் பல சர்வகலாசாலைகள் தங்கள் நாட்டு ஏ-லெவலுக்குச் சமமாகவோ அதை ஒட்டியோ மதித்து நேரே சேர்த்துக்கொள்கின்றன. இங்கிலீஷ் அறிவை மட்டும் ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற வேறொரு பரீக்ஷையால் சோதித்துக்கொள்கின்றன. பருத்தித்துறையில் தமிழில் எழுதிய பௌதிகம் லண்டனில் செல்லுகிறது. பாக்கு நீரிணைக்கு இப்பால் தமிழில் எழுதிய பௌதிகத்துக்கு ஐந்து பத்து சதவீதம் வட்டி கேட்கப்படுகிறது. ஆகவே தடை பாஷையன்று. இலங்கைப் பரீக்ஷைக்குப் பதின்மூன்று வருஷப் படிப்பும், மூன்றே பாடத்தில் ஆழமும், பிரிட்டிஷ் முறையிலிருந்து வழிவந்த உறவும் துணை நிற்கின்றன. அவ்வுறவை அவர்கள் அறுந்துபோக விடவில்லை.

நமக்கும் அந்த உறவு ஒருகாலத்தில் இருந்தது. சென்னைச் சர்வகலாசாலை 1857-ல் லண்டன் சர்வகலாசாலையின் மாதிரியில் அமைந்தது. லண்டன் சர்வகலாசாலையோ 1858 முதல், எங்கே படித்தவராயினும் பரீக்ஷை தேறினால் பட்டம் என்று கதவைத் திறந்துவிட்டது. அந்நாளில் இனயம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, 1937-ல் திருவிதாங்கூர்ச் சர்வகலாசாலை ஏற்படும் வரையில், சென்னைச் சர்வகலாசாலையின் பரீக்ஷைக்கே பிள்ளைகளை அனுப்பிற்று. அவ்வூரில் பிறந்த செண்பகராமன் பிள்ளை 1908-ல் ஐரோப்பா சென்று, பின்னர் ஸூரிச் நகரத்துத் தொழிற்கல்லூரியில் பயின்றதும் அக்காலத்துக் கதையே. அடிமைத்தனத்தின் பயனாக வந்த சமானத்தை நாம் மெச்சவில்லை. அது எஜமானன் தன் குமாஸ்தாவை அளந்தெடுக்க வைத்த அளவுகோல். ஆனால் சுதந்திரம் பெற்றபின் நமது சொந்த அளவுகோலை உலகம் ஏற்கச் செய்ய வேண்டிய பொறுப்பு நம்முடையதல்லவா? ராமானுஜனை எடுத்துக்காட்டி, மேதைக்குப் பத்திரம் எதற்கு என்பார்கள். கும்பகோணத்திலும் சென்னையிலும் எப்.ஏ. தேறாதவர் 1914-ல் கேம்பிரிட்ஜுக்குள் நுழைந்து 1916-ல் ஆராய்ச்சியின் பேரில் பட்டம் பெற்றார், உண்மை. ராமானுஜனுக்கு ஒரு ஹார்டி கிடைத்தார். விதியில்லாத இடத்தில் கருணை வேண்டும். கருணை எல்லோருக்கும் கிட்டாது. விதி திருந்தினால் ஹார்டி இல்லாதவனும் உள்ளே போவான்.

இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்து பிள்ளைகளை ஏன் வெளியே அனுப்பவேண்டும், இங்கேயே நல்ல கலாசாலைகள் நிறுவலாகாதா என்று நமது தேசபக்த நண்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. நிறுவத்தான் வேண்டும். ஆனால் வசதியுள்ளவன் மகன் இக்கேள்விக்கு விடை வரும்வரை காத்திருக்கவில்லை, அவன் போய்விட்டான். தேசபக்தியின் பெயரால் காத்திருக்கும்படி சொல்லப்படுவது எப்பொழுதும் ஏழைப் பிள்ளையாகவே இருக்கிறான். அஃதன்றி, போகிறவர்கள் மிகுதியும் ஒரே வர்க்கத்தினராயிருந்தால், திரும்பி வந்து இங்கே சர்வகலாசாலைகளிலும் ராஜாங்கத்திலும் உட்காருகிறவர்களும் அவர்களாகவே இருப்பார்கள். கடற்கரையின் துயரம் தெரிந்த ஒருவன் கீல் நகரத்திலோ பெர்கனிலோ கடல் விஞ்ஞானம் படித்துத் திரும்பினால், மீன்வளத்தைப் பற்றியும் துறைமுகத்தால் கரை அரிப்பதைப் பற்றியும் சர்க்காரின் நிபுணர்களுடன் சரிக்குச் சமமாக வாதாடுவான். 2016-ல் இனயத்து ஜனங்களுக்கு அத்தகையோர் பத்துப் பேர் சொந்த ஊர்க்காரராகவே இருந்திருந்தால் எவ்வளவு உதவியாயிருக்கும்!

ஆகவே சென்னைச் சர்க்காரை நாம் கேட்பது அதிகமில்லை. அரசுப் பள்ளியில் படித்தோருக்கு வைத்தியப் படிப்பில் 7.5 சதவீதம் ஒதுக்க 2020-ல் சட்டம் செய்து, அடுத்த வருஷம் அதைப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் விரித்த சர்க்கார், வாயிலைத் திறக்கும் வித்தையை அறியாததன்று. மாதிரிப் பள்ளி மாணவர் சிலர் உதவிச்சம்பளத்துடன் தைவான் தேசத்துச் சர்வகலாசாலைகளுக்குச் சென்றிருக்கிறார்கள்; வெளிதேசம் போகும் அரசுப் பள்ளிப் பிள்ளையின் முதற்பயணச் செலவைச் சர்க்காரே ஏற்கும் ஏற்பாடும் செய்யப்பட்டிருக்கிறது. இவை நல்ல காரியங்கள். ஆனால் டிக்கெட்டு வாங்கிக் கொடுப்பதைவிடப் பத்திரத்தின் மதிப்பை உயர்த்துவது பெரிய உதவி. ஒரு முறை செய்தால் எல்லோருக்கும் ஆகும். அரசாங்கத் தேர்வுத்துறை, நமது கேள்வித்தாள்களையும், விடைத்தாள் மாதிரிகளையும், புதிய பாடத்திட்டத்தையும், ஒவ்வொரு வருஷமும் இன்ன மார்க்குக்கு மேல் இத்தனை பேர் என்ற விகிதக் கணக்கையும் இங்கிலீஷிலும் ஜெர்மனிலும் தொகுத்து, பிரிட்டனில் அந்நியப் பத்திரங்களை மதிப்பிடும் யுகே எனிக் ஸ்தாபனத்துக்கும், ஜெர்மனியின் கல்வி மந்திரிகள் மகாநாட்டுக்கும் அனுப்பி, மறுபரிசீலனை கோர வேண்டும். விகிதக் கணக்கு முக்கியம். 540 மார்க்கு என்றால் அந்நியனுக்குப் புரியாது. நூற்றில் எத்தனையாவது ஆள் என்றால் உடனே புரியும்.

கேட்டவுடன் கிடைத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஜெர்மானியர் கேள்வித்தாளைப் பார்த்து, இன்னும் இன்னின்ன போதாது என்று திருப்பியனுப்பலாம். அனுப்பட்டுமே. எது போதாது என்று எழுத்தில் வந்தால், அடுத்த பாடத்திட்டக் கமிட்டிக்கு அதைவிட நல்ல யாதாஸ்து வேறென்ன வேண்டும்? இன்று போதாமை இன்னதென்றே தெரியாமல் பத்தாயிரம் வீடுகளில் பத்து விதமாக வதந்தி உலவுகிறது. வழிகாட்டுவதாகச் சொல்லும் ஏஜெண்டுகள் அவ்வதந்தியை விற்றுப் பிழைக்கிறார்கள். எந்தத் தேசம், எந்தப் படிப்பு, எந்தப் பாடங்கள் இருக்க வேண்டும், எந்த மாதத்தில் விண்ணப்பம் என்று தமிழில் சிறு புத்தகமொன்று அச்சிட்டு ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் அனுப்ப ஆகும் செலவு ஒரு மந்திரியின் வரவேற்புப் பந்தலுக்கு ஆவதைவிடக் குறைவே. அதைப் பதினொன்றாம் வகுப்பின் ஆரம்பத்திலேயே கொடுக்க வேண்டும். கணிதத்தை விட்டுவிட்டவன் பன்னிரண்டு முடித்தபின் அறிந்து என்ன செய்வான்?

பணத்தின் விஷயம் மிஞ்சி நிற்கிறது. மத்திய சர்க்கார் வெளிதேசப் படிப்புக்காக நடத்தும் தேசிய உதவிச்சம்பளத் திட்டம் முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டுமே. பள்ளி முடித்து நேரே போகிறவனுக்கு அதில் ஒன்றுமில்லை. முதுகலைக்குப் போகிறவனாயினும் இனயத்துப் பிள்ளைக்கு அது கிட்டாது. தாழ்த்தப்பட்ட வகுப்பினர், சீர்மரபினர், நாடோடி வகுப்பினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பரம்பரைக் கைத்தொழிலாளர் என்போர் அதன் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்கள் இருப்பது நியாயமே. கடற்றொழிலாளர் இல்லை. நிலமற்ற விவசாயக் கூலிக்கு உண்டு என்றால், நிலமே இல்லாமல் நீரில் உழுகிறவனுக்கு ஏன் இல்லை என்று பார்லிமெண்டில் கேட்கப்பட வேண்டும். பட்டியலைத் திருத்துவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. டில்லியில் சமூக நீதி இலாகாவின் உத்தரவே போதும். கன்னியாகுமரித் தொகுதியின் பார்லிமெண்டு அங்கத்தினர் அங்கேயும், கிள்ளியூர்த் தொகுதியின் சட்டசபை அங்கத்தினர் தேர்வுத்துறை பற்றிய கோரிக்கையைச் சென்னையிலும் எழுப்ப வேண்டும். கடற்கரை ஊர்களில் உள்ள நமது ஊழியர்கள், அடுத்த கூட்டத்தொடர் கூடுவதற்கு முன்னரே மீனவர் சங்கங்களின் மகஜர்களைச் சேகரித்து அவ்விருவரிடமும் ஒப்புவிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.